நிற்கத் தெரிந்த வண்டி

பணி ஓய்வு பெற்ற மனிதனுக்கு மகள் வீடு மூன்று நாளைக்குத் திருநாள். நான்காம் நாள் முதல் அது சிறை. அந்த வீடு அமெரிக்காவில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதக் கடைசியில், பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் என் மகளைப் பார்க்கச் சென்றிருந்தேன். காலை எட்டு மணிக்குள் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் புறப்பட்டுவிடுவார்கள். அதன்பின் நானும் சுவர்க் கடிகாரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பதினைந்து வயதில் திருச்சிராப்பள்ளியில் ஒரு லாரிப் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, பின்னர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தலை நரைத்தவன் நான். அந்த ஒலியைக் கேட்டபின் உட்கார்ந்திருக்க முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கொட்டகைக்குள் நின்ற வண்டியைக் கண்டதும் அறுபது ஆண்டுகள் பின்னால் போய்விட்டேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜி.எம்.சி. இராணுவ லாரி! இரண்டரை டன் பாரம் ஏற்றுவது, பத்துச் சக்கரம், முன்னச்சுக்கும் பின்னச்சுகளுக்கும் எஞ்சினின் இழுவை போகும். 1941 முதல் 1945 வரை இவ்வகை வண்டிகள் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட லாரிகள் உலகெங்கும் ஏலத்திற்கு வந்தன. அவ்வாறு வந்த பழைய போர்க்கால லாரிகளின் அடியில் படுத்துத்தான் நானும் தொழில் கற்றேன்.

வண்டிக்குரியவர் என் வயதை ஒத்தவர், கறுப்பினத்தவர். அவருடைய பேரன், பதினேழு வயதுப் பையன், பின் சக்கரத்து நட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் ஸ்பேனரை வாங்கி எதிர்த்திசையில் திருப்பினேன், நட்டு இளகியது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்பக்க மரை. நான் பழகிய பழைய லாரிகளிலும் அப்படித்தான். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று முதல் கடிகாரத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லாமற் போயிற்று.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அந்நாட்டில் நினைவு நாள். உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைகளுக்கு மலர் சூட்டும் நாளாக 1868-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி அது நாடெங்கும் அனுசரிக்கப்பட்டது. இன்று எல்லாப் போர்களிலும் உயிர் நீத்தவர்களுக்கும் உரிய நாள். நம் கல்லறைத் திருநாளைப் போலவே அவர்களும் கல்லறைகளைச் சுத்தம் செய்கிறார்கள், பூ வைக்கிறார்கள், ஒவ்வொரு கல்லறை அருகிலும் சிறு கொடி நடுகிறார்கள். ஊருக்கு ஊர் அணிவகுப்பும் உண்டு. அந்த அணிவகுப்பில் இந்த லாரியை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. இருந்தது நான்கு வாரமே.

வேடிக்கைக்காகச் செய்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். ஒரு மதிய வேளையில் அவர் காரணத்தைச் சொன்னார். அவருடைய தந்தை 1944-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் இத்தகைய லாரியை ஓட்டியவர். நார்மண்டிக் கரையிலிருந்து நேசநாட்டுப் படைகள் விரைந்து முன்னேறியபோது, இரயில் பாதைகள் குண்டு வீச்சில் சிதைந்து கிடந்தன. ஆகவே பெட்ரோல், குண்டுகள், உணவு அனைத்தையும் லாரிகளே சுமந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை, இரவு பகலாக நடந்த அந்த ஓட்டத்திற்கு 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். உச்ச நிலையில் ஏறத்தாழ 6,000 வண்டிகள் ஒரே நாளில் 12,000 டன்னுக்கு மேல் கொண்டு சென்றன. ஓட்டிகளில் நான்கில் மூவர் கறுப்பினத்தவர். அக்காலத்து அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவுகள். அந்தப் பிரிவினையை நீக்க ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டது 1948-ஆம் ஆண்டில்தான்.

"துப்பாக்கி பிடித்தவர்களுக்கு ஊர்வலம் நடந்தது. ரொட்டியும் பெட்ரோலும் கொண்டு போனவர்களை யார் நினைத்தார்கள்? என் தந்தை உயிரோடு திரும்பினார். ஆகவே இந்த நாள் அவருக்குரியதன்று. தூக்கமில்லாமல் ஓட்டிச் சாலையோரத்தில் மாண்டுபோன அவருடைய தோழர்களுக்குரியது. அவர்களுக்காக ஒரு லாரியாவது போக வேண்டாமா?" என்றார் பெரியவர்.

அதன்பின் அது எனக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

வேலையைப் பெட்ரோல் தொட்டியிலிருந்து தொடங்கினோம். அடியில் துருவும் வண்டலும் ஒரு படி இருந்தன. இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கும் ஆல்ககால் பழைய ரப்பரை அரித்துவிடும். பம்பின் சவ்வையும் குழாய்களையும் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். சி.பி. பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்து, பிளக்குகளைப் புதிதாக்கினோம். ஊமையாயிருந்த சிலிண்டர் பேசத் தொடங்கியது. மின்சாரம் ஆறு வோல்ட். அதற்குக் கம்பி தடிமனாக இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் முனகுமே தவிரச் சுழலாது. அணிவகுப்பு வண்டிக்கு வேறொரு சோதனையும் உண்டு. ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்றுப் படாது, தண்ணீர் கொதித்துவிடும். ஆகவே ரேடியேட்டரை அலசி, ஃபேன் பெல்ட்டையும் மாற்றினோம். டயர்களை மட்டும் நாங்கள் தொடவில்லை. காற்றடைக்கும்போது அந்தச் சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். கூண்டு வைத்திருக்கும் டயர் கடைக்கு அனுப்பிவைத்தோம்.

இன்னும் பன்னிரண்டு நாளே இருந்தன. பேரன் வெள்ளை நட்சத்திரம் எழுதத் தூரிகையோடு நின்றான். பச்சை வண்ணம் பூச டப்பாக்களும் வந்துவிட்டன. அப்போதுதான் பின் சக்கரம் ஒன்றின் உட்புறத்தில் ஒரு கசிவைக் கண்டேன். விரலால் தொட்டேன். பிரேக் ஆயில்.

இக்கால வாகனங்களில் பிரேக் ஆயில் இரண்டு தனி வழிகளில் செல்லும். ஒன்று பழுதுபட்டாலும் மற்றது காப்பாற்றும். அந்த லாரியில் ஆறு பிரேக்குகளுக்கும் ஒரே வழி. ஓரிடத்தில் வீல் சிலிண்டர் விட்டுக்கொடுத்தால் மிதி தரையைத் தொடும், ஆறும் போய்விடும். ஆறையும் பிரிக்க வேண்டும் என்றேன். பெரியவருக்கு முகம் வாடிவிட்டது.

"கால்நடை வேகத்தில் போகப்போகிற வண்டி. கைப்பிரேக்கும் இருக்கிறது. சாமான் வந்து சேரவே ஒரு வாரம் ஆகும். வண்ணம் பூச நாள் இராது. விழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

நான் விருந்தாளி, அந்நியன். வண்டி அவருடையது. ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்பினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவும் பட்டாளத்து லாரி ஓட்டியவர்தாம். 1944-ஆம் ஆண்டு, ஜப்பானியர் இம்பாலையும் கோகிமாவையும் தாக்கிய காலத்தில், இந்தியப் படையின் போக்குவரத்துப் பிரிவில் இருந்தார். கனடாவில் செய்த ஷெவர்லே லாரியில், திமாப்பூரிலிருந்து இம்பாலுக்கு மலைப்பாதையில் சரக்கு ஏற்றிச் சென்றார். ஜூன் 22-ஆம் தேதி அந்தச் சாலை மீண்டும் திறக்கப்பட்டபின் ஓய்வே இல்லையாம். போரைப்பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. ஆனால் ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறையில் எங்கள் தாத்தா பாட்டிக்கு ஏற்றும் மெழுகுவர்த்திகளோடு இன்னும் ஒன்றைத் தனியே ஏற்றுவார். யாருக்கு என்று கேட்டால் பதில் வராது.

பட்டறையில் சேர்ந்த மறு ஆண்டு, சக்கரத்தில் கசிவிருந்த ஒரு லாரியை, 'பக்கத்து ஊருக்குத்தானே' என்று நான் அனுப்பிவிட்டேன். அதை அறிந்த அப்பா என்னை அடிக்கவில்லை. திண்ணையில் உட்கார வைத்தார்.

"எனக்கு முன்னால் போன வண்டி அவனுடையது. காலையில் அவன் சக்கரத்தில் ஈரம் பார்த்தேன். சொன்னேன். 'இறங்கியபின் பார்க்கலாமண்ணே' என்றான். நானும் சரியென்றேன். இம்பால் பக்கம் இறங்குகிற வளைவில் அவன் வண்டி நிற்கவில்லை. தம்பி, ஓடுகிற வண்டியை எவனும் உண்டாக்கிவிடுவான். நிற்கிற வண்டியைக் கொடுப்பவன்தான் மெக்கானிக்கு."

அவ்வளவுதான். அதன்பின் அதைப்பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்குச் சென்று, எனக்குத் தெரிந்த பட்டறை ஆங்கிலத்தில் இதைப் பெரியவரிடம் சொன்னேன். பாதி சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு எழுந்து ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

ஆறு டிரம்களையும் கழற்றினோம். இரண்டு சிலிண்டர்கள் துருவேறிக் குழி விழுந்திருந்தன. ரப்பர் எல்லாம் பாகாய் இளகியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரும் தப்பவில்லை. சாமான் வந்ததும் ஒன்றொன்றாய்ப் பூட்டி, பேரனை மிதியில் உட்கார வைத்துக் காற்றெடுத்தோம். "மிதி... பிடி... விடு..." என்ற மூன்று தமிழ்ச் சொற்களை அவன் நன்றாய்க் கற்றுக்கொண்டான். கடைசியில் மிதி கல்லைப்போல் நின்றது. ஆனால் வண்ணத்துக்கு நாள் போதவில்லை. வலப்பக்கத்து முன் மட்கார்டு பிரைமரின் செந்நிறத்தோடு நின்றது.

அணிவகுப்புக்கு முந்தின மாலை பெரியவர் என் கையில் ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். வண்டியின் பின்கதவு உட்பலகையில் தம் தந்தையின் தோழர்கள் மூவர் பெயரை எழுதியிருந்தார். "உங்கள் தந்தையின் நண்பர் பெயரை உங்கள் எழுத்தில் எழுதுங்கள்" என்றார். அப்பா இறக்குந்தறுவாயில்தான் அந்தப் பெயரை எனக்குச் சொல்லியிருந்தார். எழுதினேன். கை நடுங்கியதால் எழுத்துச் சற்றுக் கோணலாக வந்தது.

நினைவு நாளன்று காலை தீயணைப்பு நிலையத்தருகே ஊர்வலம் புறப்பட்டது. கொடிகள் அரைக் கம்பத்தில் பறந்தன. நண்பகலுக்குப் பிறகே அவை முழுக் கம்பத்திற்கு ஏறும். பெரியவர் ஓட்டினார், நான் அருகில் அமர்ந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னே பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழு நடந்தது. கல்லறைத் தோட்டத்தை நோக்கிச் சாலை இறங்கும் இடத்தில், முன்னே என்ன தடையோ, குழு சட்டென நின்றது. கடைசி வரிசையில் பெரிய முரசு சுமந்த சின்னப் பெண். பெரியவர் மிதியை அழுத்தினார். வண்டி நின்றது.

யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லையே! பெரியவர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெப்பமானியைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குழு நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். சாலையோரத்து மக்கள் அனைவரும் பார்த்தது அந்தச் சிவப்பு மட்கார்டைத்தான். வண்ணம் தீர்ந்துவிட்டதா என்று ஒருவர் கேலியாய்க் கேட்டார். பெரியவர் தொப்பியைத் தொட்டுச் சிரித்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் ஊதுகொம்பின் இறுதி இசை ஒலித்தது. இருபத்து நான்கே சுரங்கள். சுண்ணத்தால் எழுதிய நான்கு பெயர்களும் பலகையில் அப்படியே இருந்தன.

ஊர் திரும்பிய ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, அப்பாவின் கல்லறையில் அவருக்கு ஒன்றும், அவர் தோழருக்கு ஒன்றுமாக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இவ்வளவு காலம் அப்பா மட்டும் சுமந்த பாரத்தில் ஒரு பங்கை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

புதுவண்டி வாங்கினால் மாலை போட்டுக் கோயில் வாசலில் நிறுத்துகிறோம். பங்குத் தந்தையும் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். நல்ல வழக்கம்; விடவேண்டாம். ஆனால் ஒரு கிழட்டு மெக்கானிக்கின் வேண்டுகோள் இது: கோயிலுக்குப் புறப்படுமுன் குனிந்து, சக்கரத்தின் உட்புறத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால், 'போய்வந்து பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.