பூனையின் முழங்கால்

பூனை குறுக்கே சென்றால் எடுத்த காரியம் கெடுமென நம்புவோர் நம்மவருள் இன்னும் உளர். அப்பூனையே கால் நொண்டி நடந்தால், "பூனைதானே, தானாகச் சரியாய்ப் போகும்" என்பர் இவர்கள். ஒரு பிராணியின் நடையில் தம் விதியைத் தேடுவோர், அந்நடையில் அதன் நோவைக் காணாதது விந்தையே!

நாம் வளர்க்கும் பூனை பின்னங்காலொன்றை அவ்வப்போது தூக்கி நடக்கலாயிற்று. அது கத்தவில்லை, உணவையும் மறுக்கவில்லை. உயரத் தாவுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. வலியை மறைப்பது பூனையின் இயல்பு. மிருக வைத்தியர் முழங்காலைத் தடவிப் பார்த்து, சில்லு இடம் பெயர்ந்துள்ளது என்றார்.

கிணற்றுக் கப்பியின் காடி ஆழமாயிருந்தாலன்றோ கயிறு நழுவாது ஓடும்! அவ்வாறே தொடையெலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் சில்லு ஓடவேண்டும். பள்ளம் ஆழமின்றிப் போனாலும், சில்லிலிருந்து இறங்கும் நார் பற்றியுள்ள கணைக்காலெலும்பின் முனை விலகினாலும், சில்லு பெரும்பாலும் உட்புறம் நழுவும். பிறவியமைப்பாலும் அடிபட்டும் இது நேரலாம். டெவன் ரெக்ஸ், அபிசீனியன் முதலிய இனங்களில் மிகுதியாய்க் காணப்படுகிறது.

இந்நோயை 4 படிகளாக வகுப்பர். முதற்படியில், விரலால் தள்ளிய சில்லு தானே மீளும். நொண்டாத பூனைக்குக் கத்தி வேண்டுவதில்லை. நான்காம் படியிலோ கையால் தள்ளினும் மீளாது. நம் பூனை மூன்றாம் படியிலிருந்தது. ஆதலால் ரண சிகிச்சைக்கு இசைந்தோம். குருத்தெலும்பைக் காத்து அடியெலும்பைக் குறைத்துப் பள்ளத்தை ஆழமாக்கினர். விலகிய எலும்புமுனையை வெட்டி, நேரிடத்தில் கம்பியால் பொருத்தினர். தளர்ந்த மூட்டுறையை இறுக்கித் தைத்தனர். பின்னர்ப் பல வாரம் ஓடாமலும் தாவாமலும் கூண்டில் வைத்துக் காப்பது நம் வேலையாயிற்று. இப்பொழுது நான்கு காலும் ஊன்றி நடக்கிறது.

இத்துறையில் அறியாமை உயிரையே வாங்கும். இரக்கத்தால் சிலர் தாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஊட்டுவதுண்டு. அது பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரு மாத்திரையே கொல்லக்கூடும்.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல், வீடமைப்புக் கழக வீடுகளில் உரிமத்துடன் 2 பூனைகள் வரை வளர்க்கலாமெனச் சட்டம் இடந்தந்தது. சட்டம் பூனைக்கு வீடு தரும். அதன் நடையைக் கவனிக்கும் கண்ணை நாமன்றோ தரவேண்டும்! சகுனம் பார்க்கும் நேரத்தில் பாதியைச் செலவிட்டால் அதற்குப் போதும்.