மருத்துவரான மகள் மீண்டும் மாணவியானபோது



எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், தெருவை நோக்கிய தனி வாசலுடன் ஓர் அறை இருக்கிறது. மகள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது கட்டியது. நோயாளிகள் அமர ஒரு திண்ணை, கை கழுவத் தொட்டி, பெண்களைப் பரிசோதிக்கத் திரையிட்ட ஒரு மூலை என்று எல்லாவற்றையும் யோசித்துக் கட்டினோம். அவள் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த வாரத்திலேயே பெயர்ப் பலகையும் எழுதி வாங்கிவிட்டோம். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் அனுபவம் பெற்றபின் ஊருக்கு வந்து கிளினிக் திறப்பாள் என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம்.

நான்கு ஆண்டுகள் கழித்து விடுப்பில் வந்தவள், ஓரிரவு இஷாவுக்குப் பின் எங்கள் இருவரையும் அமரவைத்துச் சொன்னாள்: “நான் கிளினிக் திறக்கப் போவதில்லை. பி.எச்டி. ஆராய்ச்சி மாணவியாகச் சேரப் போகிறேன்.”

முதலில் நாங்கள் கேட்டது, “இத்தனை வருடம் படித்தது போதாதா?” என்பதுதான். அடுத்துக் கேட்டது அதைவிட மோசமானது: “ஊரில் கேட்டால் என்ன சொல்வது?” அவளுக்குக் கிடைக்கப்போகும் உதவித்தொகை, வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் பாதிகூட இல்லை. அவள் படிப்புக்காக அடகு வைத்த நகையை மீட்டே ஓராண்டுதான் ஆகியிருந்தது. எங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று இன்றும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

அவள் பொறுமையாகவே பேசினாள். “ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறேன், வாப்பா. காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு முடித்தவர்களில் சிலர், மீண்டும் அதே நோயோடு வருகிறார்கள். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் ஆசிரியர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.”

“அதைக் கண்டுபிடிக்க வேறு ஆட்கள் இருப்பார்கள், மகளே” என்றோம்.

அதற்கு அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. “வாப்பிச்சாவுக்குக் காசநோய் வந்தபோது ஏன் அவர்களை சானடோரியத்துக்கு அனுப்பவில்லை, தெரியுமா?” என்று கேட்டாள்.

எங்களுக்குத் தெரியவில்லை. 1963-இல் அவளுடைய வாப்பிச்சா சென்னை மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை அறைக் குடித்தனம். மனைவி, மூன்று பிள்ளைகள். இதை எழுதும் எங்களில் ஒருவர் அப்போது கைக்குழந்தை. இருமலில் இரத்தம் கண்டபோது, இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்றுதான் உறவினர்கள் எல்லோரும் பேசினார்களாம். ஆனால் மருத்துவர் மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார். ஓராண்டு முழுவதும் மருந்து. அது வயிற்றைப் புரட்டும் என்றும், வாப்பிச்சா முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவார்கள் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குணமாகி, அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் யாருக்கும் நோய் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டோமே தவிர, அந்த மருத்துவருக்கு அத்தனை துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் சொன்ன விவரம் இது. 1956-இல் சென்னையில் காசநோய்க்கான ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை அமைத்தன. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதை முன்னின்று நடத்தினார். நல்ல காற்று, சத்தான உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றும் இன்றிக் காசநோய் தீராது என்று மருத்துவ உலகம் அன்று நம்பியது. சென்னையிலோ நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் சில. ஆகவே அவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: அதே மருந்தை நெரிசலான ஏழை வீட்டில் வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். யார் சானடோரியம், யார் வீடு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற ஒரு முறை தீர்மானித்தது. இரு குழுவுக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்றிருந்தும், ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்திருந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் அவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. உலகம் காசநோயைப் பார்க்கும் விதத்தை இது மாற்றியது. அந்த நிலையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

“அந்த ஆய்வில் இருந்தவர்களும் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள்தான். அவர்கள் எல்லோரும் கிளினிக் திறந்திருந்தால் வாப்பிச்சா வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்” என்றாள் மகள். அன்றிரவு நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, “சரி, போய் வா” என்றோம். முழு மனதோடு சொன்னோம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மருத்துவரை ஆய்வாளராக்குவது என்றால் மேலும் சில புத்தகங்களைப் படிக்கவைப்பது என்றுதான் நினைத்திருந்தோம். அது ஒரு பழக்கத்தை விட்டு மற்றொன்றைப் பழகுவது என்பதை மெல்லத்தான் அறிந்தோம். நோயாளி முன்னால் அமர்ந்திருக்கும்போது மருத்துவர் சில நிமிடங்களில் முடிவெடுத்தாக வேண்டும். தயங்கினால் உயிர் போகலாம். ஆய்வாளரோ முடிவைத் தள்ளிவைத்து, தன் எண்ணம் தவறாக இருக்குமோ என்று முதலில் தன்னையே சோதிக்க வேண்டும். அவள் எழுதிக் கொடுத்த முதல் ஆய்வுத் திட்டத்தை வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “விடையை முதலிலேயே எழுதிவிட்டீர்கள். கேள்வி எங்கே?” என்று கேட்டாராம். பத்து வயது இளைய அறிவியல் மாணவர்களோடு அமர்ந்து புள்ளியியல் கற்றாள். ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளை அளந்து எடுக்கவும் அவர்களிடமே பழகினாள். வார்டில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்த மருத்துவர், அங்கே எல்லோரையும்விடக் குறைவாகத் தெரிந்தவள்.

இந்தப் பழக்கம் நமக்கு அந்நியமானதன்று என்பதையும் அவள் வழியாகவே அறிந்தோம். ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்திய அர்ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைச் செய்தார். மறு சாராருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டு ஒப்பிட்டார். அந்தச் சிகிச்சை சரியா என்பதை இன்றைய மருத்துவம் வேறு விதமாகச் சொல்லும். ஆனால், தான் கொடுக்கும் சிகிச்சையால்தான் நோயாளி பிழைக்கிறாரா என்று ஒரு மருத்துவர் தன்னையே சந்தேகித்ததுதான் இதில் பெரிய செய்தி.

பயிற்சியில் அவளுக்கு மிகக் கடினமாக இருந்தது புள்ளியியல் அன்று. நோயாளியிடம் சம்மதம் பெறுவதுதான். ஒரு பெரியவரிடம் ஆய்வைப் பற்றி விளக்கத் தொடங்கியதுமே அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, “நீங்க சொன்னா சரிதான் டாக்டரம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டாராம். சில மாதங்களுக்கு முன்பு வரை அந்த நம்பிக்கையே அவளுடைய பலமாக இருந்தது. இப்போது அதுவே தடையாக நின்றது. அவள் பேனாவைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு மீண்டும் சொன்னாள்: “ஐயா, இது உங்களுக்கான சிகிச்சை இல்லை. நாங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக உங்கள் இரத்தத்தைக் கேட்கிறோம். இதனால் உங்களுக்கு நேரடியாக நன்மை கிடைக்காமல் போகலாம். நீங்கள் மறுத்தாலும் உங்கள் மருந்து, கவனிப்பு எதுவும் குறையாது.” பெரியவர் சற்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அன்று தொலைபேசியில், “இன்றைக்குத்தான் சரியாகச் செய்தேன், உம்மா” என்றாள். அமானிதம் என்ற சொல்லை நம் வீடுகளில் பணத்துக்கும் நகைக்கும் சொல்வோம். ஒருவர் நம்மீது வைக்கும் நம்பிக்கையும் அமானிதம்தான் என்பதை அன்று மகளிடம் கற்றோம்.

இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய முதல் ஆய்வு முடிந்தது. இரத்தத்தில் ஓர் அடையாளம் கிடைக்கும், அதை வைத்து யாருக்கு நோய் திரும்பும் என்று சொல்லிவிடலாம் என எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்களோ அதற்குள் உறவினர்களிடமெல்லாம் பெருமையாகப் பேசி வைத்திருந்தோம். “இத்தனை வருடமும் வீணா?” என்று கேட்டுவிட்டோம். “இல்லை. இந்த வழியில் இல்லை என்று எழுதி வெளியிடுவேன். இன்னொருவர் இதே பாதையில் மூன்று வருடம் நடக்க வேண்டியிருக்காது” என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் தடுமாற்றம் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்ற கவலை உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1960-களில் இளம் மருத்துவர்கள் பலர் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றார்கள். 1968-இல் அங்கு சேர்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஹரால்ட் வார்மஸ், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் ஆகிய நால்வரும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். அதே நாட்டில் 1979-இல் ஜேம்ஸ் விங்கார்டன் என்ற மருத்துவர், ஆய்வு செய்யும் மருத்துவர் அழிந்துவரும் இனமாகிவிட்டார் என்று எச்சரித்து எழுத வேண்டி வந்தது.

நம் நாட்டில் 2019 முதல் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு உயிர்மருத்துவ ஆராய்ச்சியில் ஓர் அடிப்படைப் பாடம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் அதை இணையவழியில் நடத்துகிறது. ஆய்வில் இறங்க விரும்பும் மருத்துவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டங்களும், 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் அமைப்பின் நிதிநல்கைகளும் உள்ளன. வழிகள் இல்லாமல் இல்லை. அறுபது நோயாளிகளைப் பார்த்து முடித்த மாலையில், ஒரு கேள்வியோடு அமர நேரம் வேண்டும். அந்த நேரம்தான் எளிதில் கிடைப்பதில்லை.

அந்த நேரம் என்ன செய்யும் என்பதற்கு நம் தாய்மார்கள் அனைவரும் அறிந்த ஒரு சான்று உண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த திலீப் மகலனாபிஸ் ஒரு குழந்தை மருத்துவர். கல்கத்தாவில் மருத்துவ ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான ஒரு மையத்தில் இந்நோயை ஆய்ந்து பழகியவர். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கும் துணிவு அவருக்கு அந்த ஆய்விலிருந்து வந்தது. மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாம் கலக்கிக் கொடுப்பது அந்தக் கரைசலைத்தான்.

எங்களைப் போன்ற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மருத்துவப் பிள்ளை ஆய்வுக்குப் போகிறேன் என்றால், சம்பளம் எவ்வளவு என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். எந்தக் கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பதை முதலில் கேளுங்கள். அதற்கு அவர்களிடம் தெளிவான பதில் இருந்தால், சில ஆண்டுகள் குடும்பச் சுமையை அவர்கள் தோளிலிருந்து நாம் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தம்பியின் சம்பளம் அந்தச் சுமையைத் தாங்கியது. அவன் அக்காவின் ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் வராது. அவனுக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

கீழ்த்தளத்து அறையில் இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் குர்ஆன் ஓதுகிறார்கள். பெயர்ப் பலகை பரணில் இருக்கிறது. அதை எடுத்துப் போட இன்னும் எங்களுக்கு மனம் வரவில்லை. மகள் பெருநாள் விடுப்பில் வரும்போது திண்ணையில் நாலு பேர் காத்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு, அவள் தன் இரண்டாவது ஆய்வின் கணக்குகளோடு அமர்ந்துவிடுவாள். அதன் முடிவு என்னவாகும் என்று நாங்கள் இப்போதெல்லாம் கேட்பதில்லை, துஆ செய்கிறோம். நீங்களும் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.