கரடியும் நார்த்தங்காயும்

ஊர் பேர் 'கறி வில்லேஜ்' என்றதும் நமக்குத் தோதான இடம் என்று நினைத்துவிட்டேன். கலிஃபோர்னியாவில், யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1899-ல் அங்கே கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைத்த கறி தம்பதியின் பெயராம். மசாலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மசாலாவை நாங்கள்தான் கொண்டுபோனோம். புளியோதரை, மிளகாய்ப்பொடி, மாமியார் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய்.

கேபினுக்கு மரத்தரை, கித்தான் சுவர். வாசலில் ஒரு இரும்புப் பெட்டி. "மாமா, வாசனை வர்றது எல்லாம் இதுக்குள்ளே போகணும். பேஸ்ட், சோப், தேங்காய் எண்ணெய் உட்பட" என்றான் மச்சினன்.

"கரடி பல்லெல்லாம் விளக்குமா?"

அவன் சிரிக்கவில்லை. 1998-ல் மட்டும் இந்தப் பூங்காவில் 1,300 கார்களுக்கு மேல் கரடிகள் உடைத்திருக்கின்றன. கதவை உரித்து எடுக்குமாம். பி.காம். புத்தி கணக்குப் போட்டது. நாளெல்லாம் எறும்பும் புல்லும் பழமும் தேடித் தின்பதைவிட, ஒரு கார் கதவு கரடிக்கு லாபம்தானே! பெட்டி வந்து, கண்டிப்பும் வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

மறுநாள் காலை நடக்கப் போனோம். பாடப்புத்தகத்தில் படித்த இரண்டு நண்பர்கள் கதைதான் எனக்குத் தெரிந்த கரடி சாஸ்திரம். ஒருவன் மரத்தில் ஏறுவான், இன்னொருவன் பிணம்போல் படுப்பான். இரண்டுமே இங்கே தப்பு. இங்குள்ள கறுப்புக் கரடி (பெயர்தான் கறுப்பு, பெரும்பாலும் பழுப்பு) நம்மைவிட நன்றாக மரம் ஏறும். ஓடினால் துரத்தத் தோன்றும். 50 கஜம் தள்ளியே நிற்கணும். நம்மை நோக்கி வந்தால் கூட்டமாகச் சேர்ந்து, கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தணும். அப்படியும் மேலே பாய்ந்தால் படுக்கக்கூடாது, கையில் கிடைத்ததை வைத்து அடிக்கணும்.

நாங்கள் பார்த்த கரடி எங்களைச் சட்டையே செய்யவில்லை. விழுந்து கிடந்த மரத்தைப் பிளந்து எறும்பு தின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு எறும்பு! பாவமாக இருந்தது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வந்தது: நார்த்தங்காய் பாட்டில் கார் டிக்கியில்!

மச்சினனை எழுப்பினேன். "காலையில எடுத்துக்கலாமே. ஒரு பாட்டில்தானே? அதுக்காகக் கரடியைச் சுட்டுடப் போறாங்களா?"

"ஒரு தடவைக்குச் சுட மாட்டாங்க மாமா. ருசி கண்டுட்டா அது திரும்பத் திரும்ப வரும், மனுஷன்கிட்ட பயம் விட்டுப்போயிடும். அப்புறம் ஒருநாள் சுடுவாங்க."

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசியபடியே போய் எடுத்து வந்து பெட்டியில் வைத்துத் தாழ்போட்டோம். இழுத்துப் பார்த்தேன். திரும்பவும் எழுந்துபோய் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஊர் திரும்பும்போது சாலையோரம் சிவப்பாக ஒரு கரடிப் படம் போட்ட பலகை. கார் மோதிக் கரடி அடிபட்ட இடங்களில் அதை நட்டு வைக்கிறார்கள். மச்சினன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. அவன் கண்டுகொள்ளவில்லை.