வீட்டுக்காரி

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் கல்லையும் மணலையும் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். வளவுக்குள் ஓர் அத்திவாரமாவது விழுந்தால்தான் குமர்க் காரியம் நடக்கும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அங்கே குடியிருப்பார், சாமான் வாங்கிப் போடுவார், பெருநாளைக்குச் சுண்ணாம்பு அடிப்பார். உறுதி மட்டும் பெண்ணின் பெயரில் இருக்கும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைத் தமிழரிடமும் ஏறக்குறைய இதே வழமைதான். 1969 முதல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தின் கொடுமையை நம் எழுத்தாளர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள், அது நியாயமும்தான். ஆனால், அந்த வழமைக்குள் பெண்ணுக்கு ஒரு காவலும் இருந்தது. புருஷன் பெண்சாதி பிரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் புருஷன்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். பூநொச்சிமுனைக் கரையில் ராத்தாவின் சீதன வீடு அத்திவாரம் வரை வழித்தெடுக்கப்பட்டது. ராத்தா, மச்சான், இரண்டு பிள்ளைகள் நால்வரும் உயிரோடு தப்பியது அல்லாஹ்வின் கிருபை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மண் எங்களுடையது. கடலை விட்டு ஓடினால் வாவியில் போய்த்தான் முட்ட வேண்டும். ராத்தா முட்டிய இடத்தில் ஒரு வீடு இருந்தது. முன்பின் தெரியாத அந்த வீட்டு மூத்தம்மா ஒரு சாரியைத் தூக்கிக் கொடுத்து, "முதல்ல இத உடுத்துங்க புள்ள" என்றாராம். அதுதான் ராத்தாவுக்குக் கிடைத்த முதல் நிவாரணம்.

அஸருக்கு முன்பே பள்ளிவாசல் முற்றத்தில் கிடாரங்கள் ஏறிவிட்டன. டிசம்பர் விடுமுறையாகையால் நான் படிப்பித்த பாடசாலையின் வகுப்பறைகள் வெறுமையாகக் கிடந்தன. பூட்டைத் திறந்தோம், மேசைகளை வெளியே அடுக்கினோம், பாயை விரித்தோம். அலுவலகங்களின் அரிசி வர நாளெடுத்தது, ஊர் அரிசி அன்றே வந்தது. ஒரு வகுப்பறைக்கு ஆறு ஏழு குடும்பங்கள். சாரிகளைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டினார்கள். புருஷனின் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த இளம் பெண்ணொருத்தி அப்படியொரு சாரிக்குப் பின்னால் இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டியவள், மலசலகூட வரிசையில் அந்நிய ஆண்களோடு நிற்க வேண்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் போய் வருவாள். ராத்தா துணைக்குப் போவாள். ஹஜ்ஜுப் பெருநாளும் ஜனவரியில் அந்த வகுப்பறையிலேயே வந்து போனது.

பிறகு படிவங்கள் வந்தன. ஆளொன்றுக்கு வாரம் 375 ரூபா, கொஞ்சம் உலருணவாக, மிச்சம் காசாக. குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. எல்லாம் 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு கோட்டின் மேல் நின்றது. பதிய வந்த பையன் மச்சானின் பெயரைக் கேட்டபோது ராத்தா சொன்னாள்:

"ஊடு என்ட தம்பி. உறுதியும் என்ட பேர்ல. அவர்ட பேர ஏன் எழுதுறீங்க?"

"ஆம்பிள இரிக்கக்க ஆம்பிளட பேர்தான் ராத்தா" என்றான் அவன்.

அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருந்த படிவம் அப்படி. ஆனால், மாமியாரின் வளவில் வந்து குடியிருந்த மனிதரை வீட்டுச் சொந்தக்காரராக மாற்ற அந்த ஒரு கோடு போதுமாக இருந்தது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று வடக்குக் கிழக்குக்கு ஒரு விதி போட்டார்கள். தெற்கில் அது 100 மீற்றர். எல்லைக்கு வெளியே முழுதாய் இடிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, உள்ளே இருந்தவருக்கு வேறிடத்தில் வீடு. ராத்தாவின் காணி உள்ளே அகப்பட்டது. வாவிப் பக்கமாக ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. கடிதம் மச்சானின் பெயரில் வந்தது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதைப் பற்றி அப்போதே குரல் கொடுத்தன. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அது வெளியூர்ப் பெண்களின் கூச்சலாகப்பட்டது.

2010இல் மச்சான் தலாக் சொன்னார். இத்தாவும் கழிந்தது, வீடு யாருக்கு என்பது மட்டும் இழுபட்டது. 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தில் ராத்தா மறுபடியும் பிள்ளைகளோடு பாடசாலையில் படுத்தாள். தண்ணீர் வற்றி எல்லோரும் வீடு திரும்பிய நாளில் அவள் போய்ப் பார்த்தால், கதவில் புதிய பூட்டு. முகாம் மூடப்பட்டுவிட்டது. கடலும் மழையும் துரத்தினால் பதிவேட்டில் இடமுண்டு, பார்சல் உண்டு. புருஷன் துரத்தியவளுக்கு எங்கள் பள்ளிவாசலில் ஸபூர் செய்யச் சொல்லி ஆலோசனை மட்டும் இருந்தது. உம்மாவின் வீடு இளையவளான எனக்கு எழுதப்பட்டிருந்ததால் என் விறாந்தைக்கு வந்தாள். பதினான்கு மாதம் இருந்தாள். அந்தக் காலத்தில் அவளை எந்தக் கணக்கெடுப்பும் வீடற்றவளாக எண்ணியிராது.

காதியார் நல்ல மனிதர். மஹர், கைக்கூலி, பிள்ளைத் தாபரிப்பு எல்லாவற்றையும் விசாரித்தார். வீட்டின் உரித்து தன் கைக்கு அப்பாற்பட்டது, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார். போக யாரிடம் காசு? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் அன்று சொல்லவில்லை. வன்முறை செய்பவர் சேர்ந்து வாழும் வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்கவும், பெண்ணுக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஒழுங்கு செய்யவும் அதில் நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. மனதை வதைப்பதையும் அது வன்முறை என்கிறது. இன்று ஒரு பெண் 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்ல ஆளிருக்கிறது. பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். குத்பாவில் ஒரு தடவை இதைச் சொன்னால் மிம்பர் ஒன்றும் சாய்ந்துவிடாது. அரச காணி வாரிசுரிமையில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைக்கூட 2022இல் திருத்திவிட்டார்கள்.

ராத்தாவைக் காப்பாற்றியது பழைய உறுதிதான். கடல் வீட்டைக் கொண்டுபோனது, காணியை விட்டுவிட்டுப் போயிருந்தது. கட்டக்கூடாது என்ற எல்லையும் 2005இன் கடைசியிலிருந்து தளர்ந்திருந்தது. 2012இல் தன் காப்பை விற்று, பழைய அத்திவாரத்தின் ஒரு மூலையில் ஓர் அறையும் தகரக் குசினியும் எழுப்பினாள். கிணற்றுத் தண்ணீர் உவர், குடிக்க இன்றும் வேறு வீட்டில்தான் எடுக்கிறார்கள். வீட்டுத்திட்டத்து வீட்டில் மச்சான் இருக்கிறார்.

2024இல் மகளின் கலியாணத்துக்கு முன் அந்தக் காணியை அவள் பெயருக்கு எழுதினாள். நொத்தாரிசு எல்லைகளை வாசித்தபோது மாப்பிள்ளையின் உம்மா, "கடலுக்கு இவ்வளவு கிட்டயா?" என்று கேட்டார். ராத்தா அவரை வாசலுக்குக் கூட்டிப் போய், சத்தம் கேட்டால் எந்த ஒழுங்கையால் வாவிப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டினாள்.