பரிசுக் குடம்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

கிரேக்க வரலாற்று வகுப்பில் பேராசிரியர் ஒரு மண்சாடியின் படத்தைக் காட்டினார். செம்மண் நிறத்தின்மேல் கறுப்பு உருவங்கள். ஒருவர் பின் ஒருவராக ஓடும் வீரர்கள். உடையில்லாத அவர்களைக் கண்டு வகுப்பே சிரித்தது. எனக்கோ எங்கள் வீட்டை விட்டுப் போன எவர்சில்வர் குடம் நினைவுக்கு வந்தது!

ஏதென்ஸ் நகரில் நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த பானதெனையா பெருவிழாவில் இந்தச் சாடிதான் பரிசு. உள்ளே நிறைய ஆலிவ் எண்ணெய். ஒரு சாடி ஏறத்தாழ 36 லிட்டர் கொள்ளும். கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றின்படி, சிறுவர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனுக்கு 50 சாடிகளாம். எந்தச் சமையலறை தாங்கும்? விற்றுத்தான் இருப்பார்கள். இத்தாலியிலும் வட ஆப்பிரிக்காவிலும் கல்லறைகளுக்குள் இச்சாடிகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் அதீனா தெய்வம், மறுபக்கம் போட்டிக் காட்சி, 'ஏதென்ஸ் போட்டிப் பரிசு' என்ற பொருளில் எழுத்து. வென்றவன் பெயர் மட்டும் வழக்கமாக இராது. நம் நொய்யற்கரைக் கொடுமணலில் உடைந்த பானை ஓடுகளில்கூட ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றனவே!

அம்மா 1994-இல், பத்தாம் வகுப்புப் படிக்கையில், 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற குடம் அது. அதிலும் 'முதற்பரிசு' என்று வெட்டியிருந்ததே தவிர, பெயர் இல்லை. அடுத்த ஆண்டே பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்விட்டார். 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அப்பாவுக்கு வேலை போயிற்று. பாத்திரங்கள் ஒவ்வொன்றாக எடைக்குப் போயின. குடம் போன அன்று சிறுவனான நான்தான் அழுதேன். அம்மா, "ஓடுனது நானா, கொடமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதன்பின் ஓட்டத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

வகுப்பு நடந்த அன்றிரவு, ஷிப்டு முடிந்து வந்தவரிடம் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். உடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இவிங்க தூரம் ஓடறவிங்க கண்ணு. கைய மடக்கி ஒடம்போட வெச்சிருக்காங்க பாரு. நூறு மீட்டருன்னா வீசிட்டுப் போவாங்க."

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் வியந்தார். குறுந்தூர ஓட்டக்காரர்களைக் கைவீசியும், நெடுந்தூர ஓட்டக்காரர்களை முழங்கை மடக்கியும் தீட்டுவதே அச்சாடி ஓவியர்களின் வழக்கமாம்!

"இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றார்.

"எங்கம்மா சொன்னாங்க சார். எண்ணூறு மீட்டர்" என்றேன்.