நாமும் நாங்களும்

தலைநகர் தில்லியில் வளரும் நம் குழந்தைகள் தமிழில் அடிக்கடி இடறும் இடம் ஒன்றுண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம், "பாட்டி, நாங்க கோவிலுக்குப் போகலாமா?" என்கிறார்கள். உடன் அழைப்பதே அவர்கள் எண்ணம்; பாட்டியின் செவியிலோ அவரை விட்டுச் செல்ல அனுமதி கேட்பதாக விழுகிறது.

குழந்தைகள்மேல் குற்றமில்லை. பள்ளியில் பயிலும் இந்தியின் 'ஹம்', ஆங்கிலத்தின் 'வீ' ஆகிய இரண்டும் கேட்பவரைச் சேர்த்தும் வழங்கும், விலக்கியும் வழங்கும். தமிழோ, முன்னிருப்பவரைச் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிடில் 'நாங்கள்' என்று வகுத்து வைத்திருக்கிறது. தெலுங்கில் 'மனமு, மேமு' என்றும், மராத்தியில் 'ஆபண், ஆம்ஹீ' என்றும் இவ்வேறுபாடு உண்டு.

பிழை கேட்டதும் நகைத்தோமானால், குழந்தை மறுமுறை இந்தியிலேயே பேசிவிடும். இலக்கண விதியை ஒப்பிக்கச் சொல்வதும் வேண்டா. "பாட்டியும் வருகிறார்களா?" என்று கேட்போம். "ஆமாம்" எனில், "அப்படியானால் நாம போகலாம்" என்று சொல்லிக் காட்டுவோம். சலிக்காமல் பத்து முறை சொன்னால் பதினோராம் முறை தானே வரும்.

சொல் திருந்துவது மட்டுமன்று இதன் பயன். பேசுமுன் எதிரிலிருப்பவரையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் குழந்தைக்கு வாய்க்கும். அது தமிழ் தரும் சீதனம்.