முதுகில் 14 குண்டுகள்

போன கல்ச்சுரல்ஸுக்கு நான் போட்டு வந்த பிரவுன் ஜாக்கெட் ஞாபகம் இருக்கா? முதுகில் ஒரு பொண்ணு படம், அதுக்குக் கீழே வரிசையா குட்டிக் குட்டி மஞ்சள் குண்டுகள். "இந்த வெயில்ல எதுக்குடா இது?" என்று அம்மா கேட்டும் அடம்பிடித்து ஆன்லைனில் வாங்கினது. லெதர்கூட இல்லை, வெறும் ரெக்சின். ஆனா போட்டோவில் செமயா இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க.

அப்புறம் ஒருநாள் ஹாஸ்டலில் கரண்ட் போன நேரம், சும்மா உட்கார்ந்து அந்தக் குண்டுகளை எண்ணினேன். 14. இது என்ன கணக்குன்னு தேடப் போய்த்தான் மாட்டிக்கிட்டேன்.

அசல் ஜாக்கெட்டுக்குப் பேர் ஏ-2. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931-இல் கொண்டுவந்தது. பெரும்பாலும் குதிரைத் தோலில் தைத்தது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து பி-17 விமானங்களில் ஜெர்மனிக்குக் குண்டு வீசப் போனவர்கள், தங்கள் விமானத்தின் பெயரையும் படத்தையும் ஜாக்கெட் முதுகில் வரைந்துகொண்டார்கள். போய்விட்டு உயிரோடு திரும்பிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குண்டு. 1943-இல் 25 முடித்தால் போதும், ஊருக்குக் கிளம்பலாம். அடுத்த வருஷமே அது 30 ஆச்சு, பிறகு 35. அட்டெண்டன்ஸில் ரெண்டு பர்சென்ட் ஏத்தினாலே நாம என்ன கொதி கொதிக்கிறோம்!

பறந்தது 25,000 அடி உயரத்தில். குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். பக்கவாட்டு ஜன்னல்கள் திறந்தே கிடக்கும், அங்கேதான் துப்பாக்கியைப் பிடித்து நிற்க வேண்டும். அந்தக் குளிருக்கு ஏ-2 எந்த மூலைக்கு? ஆட்டுத்தோல் கோட்டு, கரண்டில் சூடாகும் உடை எல்லாம் தேவைப்பட்டது. 1943-இல் ஏ-2 தயாரிப்பையே நிறுத்தினார்கள். வைத்திருந்தவர்கள் மட்டும் அதை விடவில்லை.

மெக்கானிக்கல் மக்களே, இது உங்களுக்கு. 1943 அக்டோபர் 14-ஆம் தேதி அவர்கள் குறிவைத்தது ஷ்வைன்ஃபர்ட் நகரத்தின் பால் பேரிங் தொழிற்சாலைகளை. அன்றைக்கு மட்டும் 60 விமானங்கள் திரும்பவில்லை. ஒரு விமானத்தில் 10 பேர். பைலட்டுகளில் பலருக்கே 21, 22 வயசுதான். மத்தவங்க பாதிப் பேர் நம்ம செட்டு. கீழே குண்டு விழுந்த ஊரிலும் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த மஞ்சள் பெயிண்டைப் பார்த்தால் இப்போ ரெண்டுமே சேர்ந்துதான் ஞாபகம் வருது.

என் ஜாக்கெட்டில் ஏன் 14? டிசைன் பண்ணவர் இடம் இருந்த அளவுக்குப் போட்டிருப்பார். இல்லேன்னா யாரோ ஒருத்தரின் நிஜ ஜாக்கெட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருப்பார்.

இந்த வருஷ கல்ச்சுரல்ஸுக்கு ஒரு ஜூனியர் அதை இரவல் கேட்டான். கொடுத்தேன், இந்தக் கதையையும் சேர்த்து. போட்டுக்கொண்டு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவன் கேட்டான்: "அப்போ மிச்சம் 11, அண்ணா?"